தவசியின் வால்

காலை ஆறரை மணி. தொழுவத்தில் ஒன்பது மாடுகள். எட்டு மாடுகள் வாலை வீசிக்கொண்டு நின்றன. ஒன்பதாவது, தவசி என்ற காளை, தலையைப் பின்னால் எறிந்து எறிந்து தன் விலாவையே முட்டப் பார்த்தது.

"ஒரு வாய் திங்கல அய்யா. ஈ விட மாட்டேங்கு," என்றார் மாடு பார்க்கும் கொம்பையா.

ஆவுடையப்பன் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டார். "ஈ எல்லா மாட்டையும்தான் கடிக்குது."

"எல்லா மாட்டுக்கும் வால்ல முடி இருக்குல்லா."

"வளரும்வே."

"வளரும். அதுவரைக்கும்?"

"கத்தரியைப் பிடிச்சது நீருதானே?"

"வெட்டச் சொன்னது நீங்கல்லா."

பேச்சு இந்த இடத்தில் நின்றது. சில நாட்களாகவே இதே இடத்தில்தான் வந்து நின்றுகொண்டிருந்தது.

ஆலடிப்பாறை மடம் மலையடிவாரத்தில் இருக்கிறது. ஆனி பிறந்தால் சாரல் விழும். சாரலோடு ஈயும் வரும். பார்வைக்கு வீட்டு ஈ போலத்தான் இருக்கும். உட்கார்ந்தால் ஊசியை இறக்கும். எழுந்து போனபின் அந்த இடத்தில் மிளகளவு ரத்தம் நிற்கும்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தீட்சை வாங்குகிறவர், குருபூசைக்கு இரண்டு வாரம் முன்பு, தன் கையால் செய்த ஒரு சாமரத்தைக் குருவிடம் கொடுக்க வேண்டும். கடையில் வாங்கியது ஆகாது. குருபூசையன்று குரு அந்தச் சாமரத்தாலேயே அவர் தலையையும் கன்னத்தையும் ஒரு முறை வருடுவார். அவ்வளவுதான் தீட்சை. மந்திரமும் கிடையாது, உபதேசமும் கிடையாது. எல்லோரும் பனைநாரில் செய்வார்கள். வருடினால் கொஞ்சம் கீறும்.

ஆவுடையப்பனுக்குப் பனைநார் போதவில்லை. அரசுப் பேருந்துப் பணிமனையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபின் நிம்மதி தேடி மடத்துக்கு வந்தார். வந்த மறுமாதமே மடத்தில் செருப்புகள் வரிசையில் நின்றன, சாப்பாட்டு மணி நேரத்துக்கு அடித்தது, கூடத்து ஜன்னல்களுக்கெல்லாம் கொசுவலை வந்தது. தீட்சை மட்டும் வரவில்லை. கேட்டபோதெல்லாம் "பார்ப்போம்" என்ற பதில்தான். இந்த ஆனியில்தான் மடத்துக் குருவான சாமி சரி என்று தலையை அசைத்திருந்தார். அறுபத்திரண்டு வயதில் ஒரு மனிதர் இன்னும் எத்தனை ஆனிக்குக் காத்திருப்பது?

ஆகவே அவர் மடத்திலேயே உயர்ந்ததைத் தேடினார். குருபூசை ஊர்வலத்தில் முரசைச் சுமந்து முன்னால் போகும் காளை தவசி. அதன் வால்முடி குளம்பு வரை தொங்கும், பால் வெள்ளை. கொம்பையா முனகிக்கொண்டே கத்தரித்துத் தந்தார். ஆவுடையப்பன் அதைச் சீயக்காய் போட்டு அலசி, நிழலில் காயவைத்து, வெள்ளிப் பூண் போட்டுக் கட்டினார்.

அன்று மாலை கூடத்தில் கூட்டம். சாமி மணைப் பலகையில் உட்கார்ந்திருந்தார். சாமிக்கு வயது நாற்பத்தொன்று. ஆவுடையப்பனை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். வேண்டாம் சாமி, பேரைச் சொல்லுங்க என்று ஆவுடையப்பன் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார்.

சாமரத்தை வாங்கிய சாமி விரலால் கோதினார்.

"பஞ்சு மாதிரி இருக்கே. எதுல செஞ்சீங்க அண்ணாச்சி?"

"தவசியோட வால்முடி, சாமி."

சாமி தன் முகத்துக்கு முன்னால் ஒரு தரம் வீசிப் பார்த்தார்.

"இங்க ஈ இருக்கா?"

"எப்படி சாமி இருக்கும்? கூடம் முழுக்க வலை அடிச்சிருக்கேன்ல."

"அப்ப இதை வச்சு நான் எதை ஓட்ட?"

"வழக்கம்தானே சாமி..."

சாமி எழுந்தார். வேட்டியை ஏற்றிக் கட்டினார். பின்கட்டு வழியாக இறங்கித் தொழுவத்துக்குப் போய், தவசி பக்கத்தில் நின்று சாமரத்தை வீச ஆரம்பித்தார்.

அது அவருக்குக் கைவரவில்லை. முதல் வீச்சு காளையின் கண்ணில் பட்டது. தவசி உதைத்த உதையில் தண்ணீர் வாளி உருண்டு போய்ச் சுவரில் மோதியது.

"சாமி, அந்தப் பக்கம் நிக்காதீய!" என்று கத்தினார் கொம்பையா.

"எந்தப் பக்கம் நிக்கட்டும்?"

"எந்தப் பக்கமும் நிக்க வேண்டாம்னுதான் சொல்லுதேன்."

ஆவுடையப்பன் மூச்சிரைக்க ஓடி வந்தார். "சாமி, சனங்க உட்கார்ந்திருக்காங்க. சங்கரன்கோவில்ல இருந்தெல்லாம் வந்திருக்காங்க."

"அவங்களுக்குக் கை இருக்கு அண்ணாச்சி."

இருட்டியது. இந்த ஈ இருட்டில் கடிப்பதில்லை. சாமி சாமரத்தைத் தொழுவத்துத் தூணில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார். திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆவுடையப்பனுக்குத் தூக்கம் வந்திருக்கும்.

ஈயை ஒழிக்க வேண்டும், அதுதான் சாமியின் உத்தரவு என்று ஆவுடையப்பன் எடுத்துக்கொண்டார். பழுதான வண்டியை மறுநாள் காலையில் சாலைக்கு அனுப்பிப் பழகியவர். இது என்ன, பிசாத்து ஈ.

முதலில் வேப்பிலையும் நொச்சியும் போட்டு மூட்டம் போட்டார். ஈ போனது. புகை அடுக்களைக்குள் புகுந்ததில் சமையல்காரரும் போனார். மாலைக்குள் ஈ திரும்பிவிட்டது. சமையல்காரர் திரும்ப மறுநாள் ஆனது.

வேப்பெண்ணெய் பூசினார். நாக்கு எட்டிய இடத்தையெல்லாம் தவசி நக்கிவிட்டது. எட்டாத இடத்தில், எண்ணெய் காய்ந்ததும் ஈ உட்கார்ந்தது.

கூடத்தில் இருந்த பெரிய மின்விசிறியைத் தூக்கிக்கொண்டுபோய் வைத்தார். அந்தக் காற்றில் ஒரு ஈயால்கூட நிற்க முடியவில்லை. ஆவுடையப்பன் இடுப்பில் கைவைத்து நின்று சிரித்தார். சாரல் காலத்தில் மலையடிவாரத்து மின்சாரம் எவ்வளவு நேரம் இருக்கும்? போயிற்று.

கோணிச் சாக்கைத் தைத்துப் போர்த்திவிட்டார். அரிப்புத் தாங்காமல் தவசி கல்தூணில் தேய்த்த தேய்ப்பில் சாக்கும் கிழிந்தது, விலாத் தோலும் கிழிந்தது.

ஒவ்வொரு மாலையும் சாமி ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

"ஈ போச்சா அண்ணாச்சி?"

"போச்சு சாமி. திரும்ப வந்துட்டு."

"ம்."

அந்த 'ம்' ஆவுடையப்பனை வதைத்தது. போக்குவரத்துத் துறையில் மேலதிகாரிகள் அவரை எத்தனையோ விதமாகத் திட்டியிருக்கிறார்கள். ஒருவரும் இந்த 'ம்' அளவுக்குத் திட்டியதில்லை.

கடைசியில் பணிமனைப் புத்தி வேலை செய்தது. கழற்றிய பாகத்தைத் திரும்ப மாட்டினால் என்ன?

"சாமி, அந்தச் சாமரத்தை நான் எடுத்துக்கிடலாமா?"

"கொடுத்ததைத் திரும்பக் கேட்கீங்களா?"

"ஆமா சாமி."

"எடுத்துக்கோங்க."

இவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாரே என்பதும் எரிச்சலாகத்தான் இருந்தது.

வெள்ளிப் பூணைப் பிரித்தார். முடியை வால் நுனியில் வைத்து நூலால் வரிந்து கட்டினார்.

"டயர் மாத்துத மாதிரில்லா மாத்துதீய," என்றார் கொம்பையா.

"வாயை மூடும்வே."

கட்டு நின்றது. தவசி வாலை ஒரு வீசு வீசியது. விலாவில் இருந்த ஈக்கள் எழுந்தன. தவசி குனிந்து வைக்கோலைக் கடித்தது. ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வீச்சில் கட்டு நழுவி, பாதி முடி பறந்துபோய் எருக்குழியில் விழுந்தது.

கொம்பையாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சிரிக்காதீரும்! இதுல என்ன சிரிப்பு உமக்கு?"

"சிரிக்கல அய்யா. இருமல்."

மிச்ச முடியை ஆவுடையப்பன் மெல்லிய செம்புக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். அது நழுவவில்லை. மறுநாள் வால் நுனி வீங்கியிருந்தது. அதற்கு மறுநாள், விலாப் புண்ணுக்குள் என்னவோ அசைவதைக் கொம்பையா காட்டினார். புழு வைத்துவிட்டது.

கால்நடை மருத்துவர் ஜெபசெல்வி ஸ்கூட்டரில் வந்தார். முதலில் வாலைப் பார்த்தார்.

"கம்பி யாரு கட்டினது?"

கொம்பையா ஆவுடையப்பனைப் பார்த்தார்.

"முடி யாரு வெட்டினது?"

"மடத்துல ஒரு வழக்கம் டாக்டர்..." என்று ஆரம்பித்தார் ஆவுடையப்பன்.

"மாட்டு வாலை வெட்டுறதா?"

"இல்லை. சாமரம் செய்யறது."

"யாருக்கு?"

"சாமிக்கு."

மருத்துவர் தலையைத் திருப்பிக் கூடத்து ஜன்னல்களில் இருந்த வலையைப் பார்த்தார். பிறகு கம்பியை வெட்டி எடுத்தார். மிச்சமிருந்த வெள்ளை முடியும் சேற்றில் விழுந்தது. டர்பன்டைன் நனைத்த பஞ்சைப் புண்ணுக்குள் வைத்து, வெளியே வந்த புழுக்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். கொம்பையா காளையின் தலையைப் பிடித்துக்கொண்டார். ஆவுடையப்பன் பார்க்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை.

"ஊசி போட்டிருக்கேன். புண்ணுக்கு மருந்து இருக்கு. ஈ உட்கார்ந்தா திரும்பவும் புழு வைக்கும். இன்னொரு தடவை வச்சா மாடு தேறாது."

"ஈக்கு ஒரு ஊசி இல்லையா டாக்டர்?"

"ஈக்கு ஊசி இல்லை."

"அப்ப என்னதான் செய்ய?"

"உட்கார விடாதீங்க."

ஸ்கூட்டர் போய்விட்டது. ஆவுடையப்பன் நேராகக் கிணற்றடிக்குப் போனார். சாமி கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"சாமி, தப்புதான். ஒத்துக்கிடுதேன். பிராயச்சித்தம் என்னன்னு சொல்லிடுங்க. அன்னதானம் போடணுமா, போடுதேன். நந்திக்குப் பாலாபிஷேகமா, செய்யுதேன். பட்டினி கிடக்கச் சொல்லுங்க, கிடக்கேன். சும்மா ம், ம்னு சொன்னா எனக்கு எப்படி சாமி விளங்கும்?"

குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. மடத்தில் யாரும் சாமியிடம் அப்படிப் பேசியதில்லை.

சாமி அடுத்த காலைக் கழுவினார்.

"தவசி வாலை வச்சு என்ன செஞ்சுக்கிட்டு இருந்தான்?"

"ஈ ஓட்டிக்கிட்டு இருந்தான்."

"எப்ப?"

"ஈ வந்தப்பல்லாம்."

சாமி காலைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனார்.

மறுநாள் விடிந்ததும் ஆவுடையப்பன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, துண்டும் கையுமாகத் தவசி பக்கத்தில் உட்கார்ந்தார். ஈ வந்தது. ஓட்டினார். அது அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தது. எழுந்து அந்தப் பக்கம் போய் ஓட்டினார். அது இந்தப் பக்கம் வந்தது.

மனம் ஒருமைப்பட்டது என்றெல்லாம் சொல்ல முடியாது. வாயெல்லாம் வசவுதான். ஈயைத் திட்டினார், சாரலைத் திட்டினார், வலக்கை ஓய்ந்து இடக்கைக்கு மாற்றும்போது தன்னைத் திட்டினார். ஈ அவரையும் கடித்தது. முழங்காலுக்குக் கீழே தடித்துத் தடித்து வந்தது. தவசியோ அவர் பாதத்தை மிதித்தது, அவர் முகத்துக்கு நேரே சாணி போட்டது. நன்றி என்று ஒரு பார்வை கிடையாது.

மத்தியானம் அவர் சாப்பிட்டு வரும் வரைக்கும் கொம்பையா துண்டை வாங்கிக்கொள்வார். மாலையில் இருட்டியதும் தவசி படுக்கும். அதற்குப்பின்தான் ஆவுடையப்பனும் படுப்பார். துண்டு மாட்டின் கண்ணில் படுகிறது என்று கொம்பையா பனைநார் கிழித்துத் தந்தார். தொழுவத்தில் உட்கார்ந்தபடியே ஆவுடையப்பன் அதை முறுக்கி ஒரு சாமரம் கட்டினார். பூண் இல்லை, அலங்காரம் இல்லை. தீட்சைக்கும் இதுவே ஆச்சு என்று நினைத்துக்கொண்டார்.

குருபூசைக்கு முந்தின நாள் சாமி தொழுவத்துக்கு வந்தார்.

"நாளைக்குக் காலையில பத்து மணி அண்ணாச்சி."

"தெரியும் சாமி." ஈயை ஓட்டிக்கொண்டே சொன்னார். "பத்து மணிக்குத்தான் இதுக ரொம்ப மொய்க்கும்."

"கொம்பையா இருக்காரே?"

"தவசி போகலைன்னா முரசை யாரு தூக்குவா? அவருதான் தூக்கப் போறாரு."

"வேற ஆளு?"

"எல்லாரும் பூசையில நிப்பாங்க. சாமி, பூசையைச் சாயங்காலம் வச்சுக்கிட முடியாதா?"

"முடியாது."

"ஒரு மணி நேரம்தான் சாமி. அதுக்குள்ள என்ன ஆகிடப் போகுது?"

"ஆமா. ஒரு மணி நேரம்தான்," என்றார் சாமி. புண்ணைக் குனிந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

காலையில் ஆவுடையப்பன் குளித்து, திருநீறு பூசி, புது வேட்டி உடுத்து, பனைநார்ச் சாமரத்தோடு கூடத்தில் வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் இரண்டு பேர். சங்கு ஊதினார்கள். கொம்பையா தெருவில் முரசைத் தூக்கிக்கொண்டு திணறுவது கேட்டது. எல்லாச் சத்தத்துக்கும் அடியில், பின்கட்டில் இருந்து, கல்தரையில் ஒரு குளம்பு தட்டும் சத்தம் கேட்டது. தட்டியது. நின்றது. மறுபடி தட்டியது.

முதல் ஆள் குனிந்தார். சாமி சாமரத்தைத் தூக்கினார்.

"சனியன் பிடிச்ச மாடு," என்று ஆவுடையப்பன் சொன்னது பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது. வரிசையை விட்டு விலகி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினார்.

மருந்து பூசிய புண்ணின் ஓரம் கறுப்பாக இருந்தது. அவ்வளவும் ஈ. தீட்சைக்கு என்று வைத்திருந்த சாமரத்தால் ஓங்கி வீசினார்.

"இதுக்கு மேல உனக்கு என்னலே வேணும்?" என்று காளையிடம் கேட்டார்.

தவசி அசைபோட்டது.

அந்த ஆனியில் ஆலடிப்பாறை மடத்தில் தீட்சை பெற்றவர்கள் இரண்டு பேர்.

ஆவணியில் புண் ஆறியது. அப்போதே ஆவுடையப்பன் எழுந்து வந்திருக்கலாம். ஆனால் ஐப்பசி மழையோடு ஈ திரும்ப வந்தது. முடி அப்போதுதான் விரல் நீளம் வளர்ந்திருந்தது. அவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு மறுபடி உட்கார்ந்தார். திட்டுவது மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. திட்டினால் கை தாமதிக்கிறது என்று கொம்பையாவிடம் சொன்னார். பங்குனியில் வால்முடி முழங்காலைத் தாண்டி இறங்கியிருந்தது.

ஒருநாள் காலை. தவசியின் விலாவில் ஒரு ஈ உட்கார்ந்தது. ஆவுடையப்பன் சாமரத்தை ஓங்கினார். அது இறங்குமுன் தவசியின் வால் வந்தது. அவர் தலையில் விழுந்து, கன்னத்தை அறைந்துகொண்டு, விலாவில் போய் அடித்தது. ஈ போய்விட்டது. ஆவுடையப்பன் வாளியில் இருந்து கீழே விழுந்தார்.

கன்னத்தைத் தடவிக்கொண்டே எழுந்து, அந்தக் கோபம் ஆறுவதற்குள் சாமியிடம் போனார்.

"கன்னத்துல என்ன அண்ணாச்சி?"

"தவசி சாமி. வாலால அறைஞ்சுட்டான்."

"ஈ?"

"போயிட்டு."

"நீங்க ஓட்டினதா?"

"நான் ஓங்கினேன். அவன் ஓட்டிட்டான். இனிமே எனக்கு அங்க வேலை இல்லை சாமி." கொஞ்சம் நிறுத்தினார். "அதனாலதான் கேட்க வந்தேன். வர்ற ஆனியிலயாவது எனக்குத் தீட்சை உண்டா, இல்லையா? உண்டுன்னா உண்டு, இல்லைன்னா இல்லை. பார்ப்போம்னு மட்டும் சொல்லாதீங்க. எனக்கும் வயசாகுது."

சாமி அவர் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பாக நாலைந்து கோடு.

"தலையில பட்டுதா?"

"தலையில பட்டுத்தான் கன்னத்துக்கு வந்துது."

"அதே முடிதானே?"

"அதே முடிதான் சாமி."

"அப்ப என்கிட்ட என்ன அண்ணாச்சி பாக்கி இருக்கு?"

ஆவுடையப்பன் தலையில் கைவைத்து, அங்கிருந்து கன்னம் வரை மெல்ல இறக்கிப் பார்த்தார்.

2018 ஜூலை 2, திங்கட்கிழமை, ஆலடிப்பாறை மடத்தில் குருபூசை நடந்தது. முரசைத் தவசி சுமந்தது. நான்கு பேர் தீட்சை பெற்றார்கள். ஆவுடையப்பன் வரிசையில் நிற்கவில்லை. நான்கு சாமரமும் பனைநார்.